சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குச் சின்ன நாய்க்குட்டி: மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஒரு டாஷ்ஹண்ட் இருக்கிறது. பெயர் சுண்டல். காலையில் அதை நடத்திக்கொண்டு திருநகர்த் தெருக்களில் போனால் யாராவது ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திவிடுவார். "என்னண்ணே, இவ்ளோ நீளமா இருக்கு, பிடிச்சு இழுத்து விட்டீகளா?" என்று சிரிப்பில் ஆரம்பிக்கும் பேச்சு, எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு, பிள்ளைகளைக் கடிக்குமா என்று நீளும். கேட்பவர்களில் பெரும்பாலோர் மூன்று வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் பிள்ளை வைத்திருக்கிற அப்பா அம்மாக்கள். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்கள் இவை.

பிள்ளைக்கு இரண்டு வயது. இப்போதே குட்டி வாங்கலாமா?

என்னைக் கேட்டால் இன்னும் இரண்டு மூன்று வருடம் பொறுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கை பேசும், காது கேட்காது. வாலை இழுக்கும், கண்ணில் விரலை விடும், தூக்கிக்கொண்டு நடந்து தொப்பென்று போடும். சின்ன இனக் குட்டிகளின் முன்னங்கால் எலும்பு மெலிசு. சோபா உயரத்திலிருந்து விழுந்தாலே உடையலாம். குட்டிக்கும் பிள்ளைக்கும் ஒரே சமயத்தில் மூத்திரத் துணி மாற்றுகிற வீட்டில் அம்மாவின் நிலையையும் யோசிக்க வேண்டும்.

நான்கு ஐந்து வயதானால் "அது சாப்பிடும்போது தொடாதே, தூங்கும்போது எழுப்பாதே, தரையில் உட்கார்ந்துதான் மடியில் வைக்க வேண்டும்" என்ற மூன்று விதிகளைப் பிள்ளை பிடித்துக்கொள்ளும். இன்னொரு கணக்கும் உண்டு. சின்ன இன நாய்கள் நன்றாக வளர்த்தால் 12 முதல் 15 வருடம் இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு வாங்கும் குட்டி, அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது வாசலில் நின்று வழியனுப்பும். அத்தனை காலமும் சோறு வைத்துக் குளிப்பாட்டப் போவது நீங்கள்தான். "நானே பார்த்துக்கிறேன்ப்பா" என்று பிள்ளை சொல்வதை நம்பி வாங்காதீர்கள்.

சரி, எந்த இனம் நல்லது?

நம் ஊர் வெயிலை முதலில் வைத்துக்கொண்டு பேசுவோம். ஏப்ரல், மே மாதங்களில் மதுரையில் 40 டிகிரியைத் தாண்டும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். எனவே மூக்கு நீளமாகவும் முடி குட்டையாகவும் இருந்தால் பாதிக் கவலை குறைந்தது.

அந்த வகையில் டாஷ்ஹண்ட் எனக்குப் பிடித்தது. ஜெர்மனியில் வளைக்கரடி (பேட்ஜர் என்கிற வளை தோண்டும் விலங்கு) வேட்டைக்காக, வளைக்குள் நுழைகிற மாதிரி உருவாக்கப்பட்ட இனம். எங்களிடம் இருப்பது குட்டை முடி வகை; வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஆனால் முதுகுதான் அதன் பலவீனம். மாடிப்படி ஏறி இறங்குவதும் கட்டிலிலிருந்து குதிப்பதும் தண்டுவடத் தட்டைப் பாதிக்கும். மாடி வீட்டில் குடியிருந்தால் தினமும் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். பிடிவாதமும் கொஞ்சம் அதிகம். சுண்டல் தோட்டத்தில் பள்ளம் தோண்டியதில் என் மனைவி வைத்த பிச்சிக்கொடி இரண்டு முறை செத்தது.

பொமேரியன் என்று நம் ஊரில் கூப்பிடுகிற வெள்ளைச் சடை நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். அசல் பொமரேனியன் வளர்ந்தாலும் 3 கிலோ அளவில்தான் நிற்கும். ஸ்பிட்ஸ் அதைவிடப் பெரிசு, கெட்டி, தலைமுறை தலைமுறையாக இந்த வெயிலில் பழகியது, விலையும் குறைவு. முதல் முறை நாய் வளர்க்கும் குடும்பத்துக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். குறை என்றால் குரைப்பு. கேஸ் சிலிண்டர்காரர், பால்காரர், எதிர்வீட்டுப் பூனை, எல்லோருக்கும் தனித்தனியாகக் குரைக்கும். வெயிலுக்கென்று அதன் முடியை மொட்டையடித்துவிடாதீர்கள். அந்த இரட்டை அடுக்கு முடிதான் வெயில் தோலில் நேராகப் படாமல் காக்கிறது. வழித்தால் திரும்பச் சரியாக வளராமலும் போகலாம்.

ஷிட்சுவும் லாசா ஆப்சோவும் பிள்ளைகளோடு பொறுமையாக இருக்கும். ஆனால் தினமும் சீவ வேண்டும், கண்ணோரம் துடைக்க வேண்டும், கோடையில் மின்விசிறிக்கு அடியிலிருந்து நகராது. அதிலும் ஷிட்சுவுக்கு மூக்கும் சப்பை. வேலைக்குப் போகிற இருவர், ஸ்கூல் போகிற இரண்டு பிள்ளைகள் என்ற வீட்டில் அந்தச் சீவல் ஒரு மாதத்தில் நின்றுவிடும், முடி சிக்குப்பிடித்துச் சொறி வரும். பீகிள் பத்து கிலோவைத் தொடும், ஓடி விளையாடப் பிள்ளைகளுக்கு நல்ல ஜோடி. மோப்பம் பிடித்து முயல் விரட்டிய இனம் என்பதால் கேட் திறந்திருந்தால் மூக்கு போன வழியில் போய்விடும். மின்பின் (மினியேச்சர் பின்ஷர்), சிவாவா என்ற பொடி இனங்கள் இரண்டும் பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குச் சரி.

விளம்பரத்தில் வந்ததே, அந்த ஹட்ச் நாய்?

பக். 2003 வாக்கில் ஹட்ச் செல்போன் கம்பெனியின் அந்த விளம்பரம் வந்ததிலிருந்து மதுரையில் அதற்குப் பெயரே ஹட்ச் நாய்தான். குணத்தில் ஒரு குறையும் இல்லை, பிள்ளை மேலே ஏறி உட்கார்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அந்தச் சப்பை மூக்கால் சரியாக மூச்சுவிட முடியாது. தூங்கும்போது விடும் குறட்டையைக் கேட்டு நாம் சிரிக்கிறோம், அது மூச்சுக்குத் திணறுகிற சத்தம். மத்தியான வெயிலில் பத்து நிமிடம் ஓடினால் உயிருக்கே ஆபத்து. 2024-ல் வந்த தமிழ்நாடு அரசின் நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களின் வரிசையில் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு இவற்றோடு பக்கும் சேர்க்கப்பட்டது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தேடிப் போக வேண்டாம்.

டீக்கோப்பைக்குள் அடங்குகிற டீகப் நாய் என்று சொல்கிறார்களே?

அப்படி ஒரு இனம் கிடையாது. வத்திப்போன குட்டிக்கு அதிக விலை வைக்க வந்த பெயர். அந்த அளவுக் குட்டிகளுக்கு ஒரு வேளை தீனி தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் பக்கத்திலேயே இருக்க, வெளிநாட்டு நாய் எதற்கு?

நியாயமான கேள்வி. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் நமக்கு இரண்டு மூன்று மணி நேர பஸ் தூரத்து ஊர்களின் நாய்கள். நம் மண்ணுக்கு அவற்றைப் போல வேறு நாய் வராது. ஆனால் ஓடுவதற்கும் காவலுக்கும் பிறந்தவை. இரண்டு அறை வீட்டில் கட்டிப்போட்டால் அதற்கும் நிம்மதி இல்லை, நமக்கும் இல்லை. கொல்லையும் தோப்பும் இருந்தால் தாராளமாக.

சின்ன நாய்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால் தெரு நாட்டுக்குட்டி ஒன்றை எடுத்து வளர்ப்பதை நான் முதலில் சொல்வேன். காசு இல்லை, வெயில் ஒரு பொருட்டில்லை, இனநோய்கள் குறைவு. ஒரே நிபந்தனை: தாயிடமிருந்து பிடுங்காமல், பால் மறந்தபின் எடுத்து, அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

போனில் படம் பார்த்து வாங்கலாமா? பஸ்ஸில் அனுப்பி வைக்கிறார்களாமே?

இதற்கு என் கதையையே சொல்கிறேன். சுண்டலுக்கு முன்னால் ஒரு குட்டி வந்தது. போனில் ஒருவர் அனுப்பிய படம், "ஷிட்சு, 45 நாள், ஊசி போட்டாச்சு, ஷோ குவாலிட்டி" என்ற வாசகம், பாதிப் பணம் ஜிபேயில். விடிகாலையில் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் போய் நின்றேன். ஓட்டை போட்ட மாம்பழ அட்டைப்பெட்டியில், மூத்திரத்தில் நனைந்து, ராத்திரி முழுக்கப் பயணம் செய்த குட்டி. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பெட்டியைத் திறந்ததும் அவள் முகத்தைப் பார்த்து எனக்குச் சந்தேகம் எல்லாம் போய்விட்டது.

நான்காம் நாள் வாந்தி, அப்புறம் ரத்தக் கழிச்சல். பார்வோ என்ற குடல் வைரஸ் நோய். மருத்துவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு, "இது 45 நாள் இல்லை சார், ஒரு மாசம்கூடச் சரியா ஆகலை" என்றார். கூட வந்த ஊசிப் புத்தகத்தில் ஸ்டிக்கர் இருந்தது. தேதி இல்லை, மருத்துவர் முத்திரை இல்லை. ஆறாம் நாள் போய்விட்டது. விற்றவரின் போன் அன்றைக்கே ஸ்விட்ச் ஆஃப்.

பார்வோ கிருமி உடம்பில் நுழைந்து நோயாக வெளிப்பட சில நாட்கள் ஆகும். அதனால் குட்டி வரும்போதே கொண்டுவந்திருக்கும் அல்லது வழியில் வாங்கியிருக்கும் என்றார் மருத்துவர். அந்தக் கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பிளீச்சிங் கரைசலால் வீட்டைக் கழுவி, ஒரு வருடம் காத்திருந்துதான் அடுத்த குட்டியைப் பற்றிப் பேசினோம். அதனால் கேள்விக்கு என் பதில்: நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

அப்படியென்றால் எங்கேதான் தேடுவது?

தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை என்பார்கள். நாய்க்கு அது இன்னும் பொருந்தும். தாய் நாயைக் காட்டுகிற இடத்தில் மட்டும் வாங்குங்கள். "தாய் ஊர்ல இருக்கு", "தாய் கடிக்கும், வேண்டாம்" என்று மழுப்பினால் வண்டியைத் திருப்பிவிடலாம். கடிக்கிற தாயின் குட்டியைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு எதற்குக் கொண்டுபோக வேண்டும்?

முதலில் உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் போய்ச் சொல்லிவையுங்கள். யார் வீட்டில் நாய் சினையாக இருக்கிறது, யார் ஒழுங்காக ஊசி போடுகிறார்கள் என்ற ஊர்க்கணக்கு அவரிடமும் அவருடைய உதவியாளரிடமும் இருக்கும். சுண்டல் கிடைத்தது அப்படித்தான். திருமங்கலத்தில் ஒரு வாத்தியார் வீடு, ஒரே ஒரு பெட்டை, நான்கு குட்டிகள். பிறப்பதற்கு முன்பே சொல்லிவைத்து மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்தோம். நாய்ச் சினை 63 நாள் சுமார், அதன் பிறகு இரண்டு மாதம் தாயோடு. அந்த வீட்டம்மா எங்களிடம் கேட்ட கேள்விகள் எனக்குப் பெண் கேட்கப் போன நாளை ஞாபகப்படுத்தின: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், ஊருக்குப் போனால் யாரிடம் விடுவீர்கள், மாடியா கீழா? இப்படி எதிர்க்கேள்வி கேட்பவரிடம் நம்பி வாங்கலாம்.

தொழிலாகச் செய்கிற பிரீடரிடம் போனால் பதிவுச் சான்றைக் கேளுங்கள். 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி அவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது, 18 மாதம் ஆகாத பெட்டையை ஈன வைக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. பெட் ஷாப்களுக்கு 2018-ல் தனி விதிகள் வந்தன, அவர்களுக்கும் பதிவு கட்டாயம். கண்ணாடிப் பெட்டிக்குள் பத்து இனக் குட்டிகள் சேர்ந்து கிடக்கும் கடை எனக்கு உவப்பில்லை. எந்தக் குட்டி எந்த நோயோடு எங்கிருந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது.

40 நாளில் எடுத்தால்தான் நம்மோடு ஒட்டும் என்கிறார்களே?

ஒட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விற்பவருக்குத் தீனிச் செலவு மிச்சம், அவ்வளவுதான். ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை குட்டி தன் கூடப்பிறந்தவற்றோடு கடித்து விளையாடும். கொஞ்சம் பலமாகக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு கடிக்கலாம் என்ற பாடத்தை அங்கேதான் படிக்கிறது. அந்தப் பாடம் படிக்காத குட்டி உங்கள் பிள்ளையின் கையில் படித்துக்கொள்ளும். இரண்டு மாதம் முடியட்டும்.

போனால் குட்டியிடம் எதைப் பார்க்க வேண்டும்?

தீனி வைப்பதற்கு முந்தைய நேரமாகப் போங்கள், எது சுறுசுறுப்பு என்று தெரியும். கண்ணில் பீளை, மூக்கில் சளி, வால் அடியில் கழிச்சல் ஒட்டியிருப்பது கூடாது. வயிறு மட்டும் பானை மாதிரி உப்பி விலா எலும்பு தெரிந்தால் பூச்சி. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா பாருங்கள். ஒரு சாவிக்கொத்தைக் கீழே போடுங்கள். திடுக்கிட்டு ஒதுங்கி, அப்புறம் மெல்ல வந்து மோந்து பார்க்கிற குட்டி நல்ல குட்டி. முதலில் பாய்ந்து வந்து செருப்பைக் கடிக்கிற முரடனும், மூலையில் நடுங்குகிற பயந்தாங்கொள்ளியும் சின்னப் பிள்ளை வீட்டுக்கு வேண்டாம். முதல் தடவை போகும்போது பிள்ளைகளை அழைத்துப்போகாதீர்கள். அவர்கள் ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துவிட்டால் உங்கள் மூளை வேலை செய்யாது. மாட்டுத்தாவணியில் எனக்கு நடந்தது அதுதான்.

கேசிஐ பேப்பர் அவசியமா?

கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்று, பரம்பரையைச் சொல்லும் தாள். கண்காட்சிக்குப் போகவோ குட்டி போடவைக்கவோ எண்ணம் இருந்தால் வேண்டும். வீட்டில் வளர்க்க அந்தத் தாளுக்குக் கூடுதலாக ஆயிரங்களைக் கொட்ட வேண்டியதில்லை. தேதியும் மருத்துவர் கையெழுத்தும் உள்ள ஊசிப் புத்தகம்தான் முக்கியம்.

கடுவனா, பெட்டையா?

குணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கடுவன் காலைத் தூக்கி மூலைமூலையாக அடையாளம் வைக்கும். பெட்டை பொதுவாக வருடத்துக்கு இரண்டு முறை, மூன்று வாரம் போல, பருவத்துக்கு வரும். அப்போது தெருவிலுள்ள அத்தனை கடுவனும் உங்கள் கேட்டுக்கு முன்னால் மாநாடு போடும். எதுவானாலும் மருத்துவர் சொல்லும் வயதில் கருத்தடை செய்துவிட்டால் இந்தப் பாடு இல்லை.

எந்த மாதத்தில் கொண்டுவரலாம்?

சித்திரையில் வேண்டாம். வெயில் ஒருபக்கம், அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் வீடு முழுக்க விருந்தாளி, கதவு திறந்தே கிடக்கும், குட்டி யார் காலிலாவது மிதிபடும். தீபாவளிக்கு முந்தைய மாதமும் வேண்டாம். வந்த புதிதில் வெடிச்சத்தத்துக்கு மிரண்ட குட்டி அந்தப் பயத்தை ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளும். நம் ஊரில் சாவுக்கும் வெடி போடுவார்கள், அதை யாரும் தேதி குறித்துத் தவிர்க்க முடியாது. பொங்கல் கழிந்த தை, மாசி எனக்கு உகந்தது. வெயில் ஏறுவதற்குள் ஊசிகளும் பெரும்பாலும் முடிந்துவிடும்.

ஊசிக் கணக்கு என்ன?

ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டம்பர் முதலான நோய்களுக்கான கூட்டு ஊசி. அதன்பின் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை. மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. அப்புறம் மருத்துவர் சொல்கிறபடி வருடாந்திர ஊசி. எலி நடமாட்டமும் மழைக்காலத் தேக்கமும் உள்ள தெரு என்றால் எலிக்காய்ச்சல் ஊசியும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பூச்சி மருந்தை மறக்கவே கூடாது, ஏனென்றால் குட்டியின் குடற்புழு தரையில் விளையாடும் பிள்ளைக்கும் தொற்றும். வெளியே மருத்துவச் செலவு தாங்காது என்றால் தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையொட்டி அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வெறிநோய் ஊசி போடுவார்கள், செய்தித்தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருத் தரையில் விடாதீர்கள். தோளில் தூக்கிக்கொண்டு போய்த் தெருச் சத்தங்களைக் காட்டலாம். மாநகராட்சி உரிமத்துக்கும் அந்த ஊசிப் புத்தகத்தைத்தான் கேட்பார்கள், பத்திரமாக வையுங்கள்.

ஊசி போட்ட நம் வீட்டு நாய் பிள்ளையைக் கடித்தால்?

விளையாட்டுக் கீறலாக இருந்தாலும் சரி, தோல் கிழிந்திருந்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். பிறகு அரசு இராசாசி மருத்துவமனையோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ, போய்க் காட்டிவிடுங்கள். மனிதர்களுக்கான வெறிநோய் ஊசி அங்கே இலவசம். "நம்ம குட்டிதானே" என்ற பேச்சுக்கு இந்த விஷயத்தில் இடமில்லை. ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

நான்காவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரை பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். அப்போது எதைக் கண்டாலும் கடிக்கும். ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். பிள்ளையையும் குட்டியையும் பெரியவர் இல்லாமல் ஒரே அறையில் விடாதீர்கள், கறிவேப்பிலை வாங்க வாசலுக்குப் போகிற நேரமானாலும்.

வீட்டு ஓனரும் மாமியாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுக்ககச் சங்கங்கள் வளர்ப்பு நாயைத் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லிவிட்டது. ஆனால் தனி வீட்டு ஓனரிடம் சட்டம் பேசிப் பயனில்லை. வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், ஒளித்துக் கொண்டுவந்து பின்னால் குட்டியை யாரிடமாவது தள்ளிவிடுகிற கதையை நிறையப் பார்த்துவிட்டேன். மாமியார் விஷயம் வேறு. எங்கள் அத்தை "பூஜை அறைப் பக்கம் வந்தால் நான் ஊருக்குப் போய்விடுவேன்" என்றார். பூஜை அறைக்கும் அடுப்படிக்கும் முழங்கால் உயரத்தில் மரத்தடுப்பு செய்து வைத்தோம். இப்போது ராத்திரி சீரியல் பார்க்கும்போது சுண்டல் அவர் காலடியில்தான் படுக்கிறது.

என்ன சாப்பாடு?

முதல் இரண்டு வாரம், பழைய வீட்டில் என்ன தின்றதோ அதையே. பிறகு மெதுவாக மாற்றலாம். மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை. சோறு, வேகவைத்த கோழி, முட்டை, கேரட் எல்லாம் சரிதான், உப்பும் காரமும் இல்லாமல். தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்க்க முடியாது, அதற்குப் புரதம் வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். வேகவைத்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். பிள்ளைகளின் ஸ்கூல் பையில் கிடக்கும் சாக்லேட்டைத்தான் குட்டி முதலில் கண்டுபிடிக்கும்.

முதல் ராத்திரி முழுக்க அழுகிறதே?

அழும். பிறந்ததிலிருந்து சூடான உடம்புகளுக்கு நடுவில் தூங்கியது அது. திருமங்கலத்து அம்மா தாய் படுத்த பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டார். அதைக் கூடைக்குள் போட்டு, கூடையை எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். முனகியபோதெல்லாம் கையைக் கீழே தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி விழித்துப் பார்த்தால் கூடை காலி. பாயில் படுத்திருந்த என் மகன் வயிற்றோடு ஒட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.